ஓனிஷி கோட்டை பார்க்கிறார்

சனிக்கிழமை சாயங்காலம்
எழுபத்திரண்டு பெட்டியைத் திருப்பிவிட்டார்.
தோள் தையலில் இரண்டு மில்லிமீட்டர் கூடுதல்.
மூன்று வயசுக் குழந்தைகளுக்கான பனியன்.
மூன்று வயசுத் தோளுக்கு
ரெண்டு மில்லி தெரியவாம்மா போகுது
என்று முதலாளி என்னிடம் தமிழில் கேட்டார்.
நான் அதை ஆங்கிலத்தில் கேட்கவில்லை.

அதே மனுஷன் ஞாயிறு காலை
ஹோட்டல் வாசலில் தொப்பியோடு நிற்கிறார்.
செல்போன் வரைபடத்தில் விரல் வைத்த இடம்
சங்ககிரி.
"அங்க மேல என்னங்க இருக்குது,
பாறையும் கொரங்குந்தானுங்க"
என்றார் டிரைவர் சென்னியப்பன்.
இதையும் சொல்லவில்லை.
என் சம்பளத்தில் பாதி
சொல்லாமல் விடுவதற்குத்தான்.

செங்கப்பள்ளி, பெருந்துறை, பவானி.
பாலத்தில் வண்டியை மெதுவாக்கச் சொல்லி
காவிரியை எட்டிப் பார்த்தார்.
தண்ணீர் கொஞ்சம்தான் போனது.
அதற்கும் தலை குனிந்தார்.

படி ஏறத் தொடங்கியதும்
என் செருப்பு வார் அறுந்தது.
அவர் ஒவ்வொரு வாசலிலும் நின்றார்.
நிலைக்கல்லைத் தடவி, அண்ணாந்து,
இரண்டடி பின்னால் போய், மறுபடி தடவி.
எங்கள் செக்கிங் மேஜையில்
பனியனை வெளிச்சத்துக்குப் பிடிப்பாரே,
அதே முகம்.
நான் நான்காம் வாசலோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சுவரெல்லாம் பெயிண்டில் பெயர்கள்,
அம்பு துளைத்த இதயங்கள்,
ஏதோ ஒரு காலேஜ், ஏதோ ஒரு பேட்ச்.
யார் இவர்கள் என்றார்.
முன்னால் வந்து பார்த்துப்போன
இன்ஸ்பெக்டர்கள் என்றேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

இங்கே ஓர் ஆடிப்பதினெட்டு அன்று
வெள்ளைக்காரர்கள் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள்
என்றும் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றினார்.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
ஒற்றைக் கையில் செருப்போடு
நான் வெயிலில் நின்றேன்.
ஒரு குரங்கு எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்தது.

அடுத்த வாசலில்தான் அது நடந்தது.
சட்டைப்பையிலிருந்து அளவு நாடா.
ஞாயிற்றுக்கிழமையும் கொண்டுவந்திருக்கிறார்!
இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து
குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.
பதினொன்று என்றார்.
மில்லிமீட்டரா என்றேன்.
வேறென்ன என்பதுபோல் பார்த்தார்.

உச்சியில் காற்று சேலையைப் பிடுங்கியது.
கீழே லாரிகள், லாரிகள்,
பாடி கட்டாத வெறும் சேஸிகள்,
அதற்கப்பால் சிமெண்ட் ஆலை.
அவர் ஊரிலும் கோட்டை உண்டாம்.
போரில் எரிந்துபோனது.
அவர் அப்பாவுக்குக் கல்யாணமான வருஷம்
சிமெண்டில் திரும்பக் கட்டினார்கள்.
உள்ளே லிஃப்ட், ஏசி,
வெளியே வருகையில் சாவிக்கொத்து விற்கும் கடை.
பள்ளிக்கூடத்தில் மூன்று முறை கூட்டிப்போனார்களாம்.
மூன்று முறையும் லிஃப்ட்தான் பிடித்ததாம்.
சொல்லிவிட்டு
கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்று
சிமெண்ட் ஆலையை
ஆறு போட்டோ எடுத்தார்.

அடிவாரத்தில் வெள்ளரிக்காய் விற்ற அம்மா
நாலாகக் கீறி உப்பு மிளகாய் அப்பித் தந்தாள்.
"சைனாவுங்களா?"
ஜப்பான் என்றேன்.
"எதானாலும் காரம் தாங்குறாருங்".
கண்ணில் நீர் வழிய
இன்னொன்று கேட்டார்.

வண்டியில் எனக்குத் தாளவில்லை.
கல்லில் பதினொரு மில்லி போகலாம்,
பனியனில் ரெண்டு போகக்கூடாதா?
பணிவாகத்தான் கேட்டேன்,
வேலை போகாத அளவுக்கு.
பதிலே இல்லை.
தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.
பவானிப் பாலம் வந்தபோது
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:
கல்லை யாரும் துவைப்பதில்லை.

திங்கட்கிழமை பெட்டிகளைப் பிரித்தோம்.
தோள்தையலை ஊசி முனையால் நெம்பிக்கொண்டே
மூன்றாம் லைன் பூங்கொடி கேட்டாள்,
கோட்டை எப்படீங்க்கா இருந்துச்சு?

லிஃப்ட் இல்லை என்றேன்.